செலவைத் தெரிந்தவரும் விலையைத் தீர்மானிப்பவரும்

வீடு கட்டிய எவருக்கும் இந்தச் சங்கடம் விளங்கும். மேசன் பாஸை நாட்சம்பளத்துக்கு வைத்தால் வேலை இழுபடும். பத்து நாளில் முடியிற சுவர் பதினைந்து நாளாகும். சரி, கொந்தராத்துக்குக் கொடுப்போம் என்று மொத்தமாகப் பேசினால் வேலை கெதியாக முடியும். ஆனால் பேசிய தொகை கூடிப்போச்சோ, சீமெந்தைக் குறைச்சுப் போட்டாரோ என்ற சந்தேகம் நம்மை விடாது. அந்த வேலைக்கு உண்மையில் எவ்வளவு செல்லும் என்பது பாஸுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

மின்சாரம், தண்ணீர், தொலைபேசி போன்றவற்றை வழங்கும் கம்பனிகளோடு அரசாங்கங்கள் படும் பாடும் இதுதான். அரிசி விலை கூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். மின்கம்பியோ ஊருக்கு ஒன்றுதான். அது ஏகபோகம். எனவே கட்டணத்தை வேறு யாராவது தீர்மானிக்க வேண்டும். எதை வைத்துத் தீர்மானிப்பது?

அமெரிக்காவில் நெடுங்காலம் இருந்த வழி, நாட்சம்பளம் போன்றது. கம்பனி தன் செலவைக் காட்டும். அதோடு முதலீட்டுக்கு நியாயமான இலாபமும் சேர்த்துக் கட்டணம் விதிக்கப்படும். செலவு கூடினால் கட்டணமும் கூடும் என்றால், செலவைக் குறைக்கக் கம்பனிக்கு என்ன அவசரம்? முதலீட்டுக்கேற்ப இலாபம் என்றால், தேவைக்கு மேலாகவே முதலிடத் தோன்றும் என்று அவர்ச், ஜோன்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 1962இல் எடுத்துக்காட்டினார்கள்.

பிரித்தானியா கொந்தராத்து முறைக்குப் போனது. 1984இல் பிரிட்டிஷ் டெலிகொம் தனியார்மயமானபோது, பொருளியலாளர் ஸ்டீபன் லிட்டில்சைல்ட் முன்வைத்த விலை உச்சவரம்பு அதற்கு விதிக்கப்பட்டது. பணவீக்கம் எவ்வளவோ, அதில் 3 சதவீதம் கழித்து வருவதற்கு மேல் கட்டணத்தை உயர்த்தக் கூடாது. செலவைக் குறைத்து மிச்சம் பிடித்தால் அது கம்பனிக்கே. சிக்கனம் வந்தது. ஆனால் அந்த 3 என்ற எண் சரியானதா? கம்பனிக்கு அது மிகவும் லேசாக இருந்தால், மிதமிஞ்சிய இலாபத்தைப் பாவனையாளர்களே சுமக்க வேண்டும். பின்னர் அந்த எண்ணைக் கூட்ட வேண்டியும் வந்தது.

இந்த இரு முனைகளுக்கும் நடுவே வழி தேடியவர்கள் பிரான்ஸின் துலூஸ் நகரில் பணிபுரிந்த ழான்-ஜாக் லாஃபோனும் ழான் திரோலும். 1986இல் வெளிவந்த இவர்களின் ஆய்வு, ஒழுங்குபடுத்துநருக்குக் கம்பனியின் உண்மையான செலவு தெரியாது என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறது. தெரியாததை ஊகிப்பதை விட்டுவிட்டு, கம்பனிக்கு முன்னால் ஒன்றுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களை வை என்பது இவர்களின் யோசனை. ஒன்று, நிலையான தொகை. மிச்சம் பிடித்தால் முழுவதும் உனக்கு. மற்றது, செலவின் பெரும்பகுதியை நாங்கள் தருவோம். ஆனால் இலாபம் சொற்பம். குறைந்த செலவில் வேலை செய்யக்கூடிய கம்பனி முதலாவதை எடுக்கும். செலவு கூடியது இரண்டாவதை எடுக்கும். வாயால் சொல்லாத உண்மையைத் தெரிவே சொல்லிவிடுகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. திறமையான கம்பனிக்குக் கொஞ்சம் கூடுதல் இலாபத்தை விட்டுக்கொடுத்தாக வேண்டும். முழுவதையும் பிடுங்கினால் அதுவும் தன்னைச் செலவு கூடியதாகவே காட்டிக்கொள்ளும். ஆகவே இலாபத்தைக் கண்டதும் கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. நட்டக் கணக்கைக் கண்டதும் நேர்மை என்று நம்பிவிடவும் முடியாது. தரம் கவனிக்கப்படாத இடத்தில் நிலையான தொகை ஆபத்தானது என்பதையும் இவர்கள் ஆராய்ந்தார்கள். சீமெந்து குறையும் கதைதான் அது.

திரோல் பின்னர் ழான்-சார்ல் ரோஷேயுடன் சேர்ந்து இருபக்கச் சந்தைகளை ஆராய்ந்தார். கடன் அட்டை அதற்கு நல்ல உதாரணம். அட்டை வைத்திருப்பவருக்குச் சலுகை கிடைக்கும்; கட்டணத்தின் சுமை கடைக்காரர் தலையில் விழும். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால், ஒருவருக்கு இலவசம், மற்றவருக்கு அநியாயம் என்று தோன்றும். இரு பக்கத்தையும் கூட்டிப் பார்த்தால்தான் விலை நியாயமா என்று சொல்லலாம். 2015இல் ஐரோப்பிய ஒன்றியம், கடைக்காரரின் வங்கி அட்டை வழங்கிய வங்கிக்குக் கொடுக்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்தது: பற்று அட்டைக்கு 0.2 சதவீதம், கடன் அட்டைக்கு 0.3 சதவீதம். அந்த விவாதத்தில் இவ்விருவரின் ஆய்வுக்கும் இடமிருந்தது.

2014ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு திரோல் ஒருவருக்கே கிடைத்தது. லாஃபோன் 2004இலேயே காலமாகிவிட்டார். இறந்தவர்களுக்கு அந்தப் பரிசு அளிக்கப்படுவதில்லை.

எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும் ஒரே விதி இல்லை என்பதே இவர்களின் ஆய்வுகளிலிருந்து கிடைக்கும் பாடம். எனவே கட்டணம் கூடும்போது "ஏன் கூட்டினீர்கள்?" என்று மட்டும் கேட்டால் போதாது. செலவை யார் கணக்கிட்டார்? மிச்சம் பிடித்தால் அது யாருக்குப் போகும்? தரத்தை யார் பார்க்கிறார்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காத இடத்தில், விலை கூடினாலும் குறைந்தாலும், பாவனையாளர் ஏமாற இடமிருக்கிறது.