பனைமேல் முளைத்தது என்ன செடி?

கம்பம் பள்ளத்தாக்கில் பனைமேலும் தென்னைமேலும் வேறு செடி குடியிருப்பதைப் பார்த்தால், பலரும் "புல்லுருவி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பெரும்பாலும் அது புல்லுருவியாக இருக்காது. என்ன செடி என்று அறிய, முதலில் அதன் வேர் எங்கே போகிறது என்று பாருங்கள்.

வேர் மண்ணில் இருந்து, தண்டு மட்டும் மேலேறினால் அது கொடி. கூடலூர்ப் பக்கம் சாரல் விழும் தோப்புகளில் மிளகுக்கொடியைப் பார்க்கலாம். கணுவுக்குக் கணு சிறு வேர்விட்டு மரத்தைப் பற்றியிருக்கும். இலையைக் கசக்கினால் காரவாடை வரும்.

மண்ணைத் தொடாமல் பட்டைமேலேயே வாழ்பவை இன்னொரு வகை. வாண்டா போன்ற ஆர்க்கிட்களின் தடித்த வேர்கள் காய்ந்திருக்கும்போது சாம்பல் வெள்ளையாக இருக்கும். கொஞ்சம் தண்ணீர் தெளித்தால், மேலுறை அதை உறிஞ்சிக்கொள்ள, உள்ளிருக்கும் பச்சை தெரியும். முடவாட்டுக்கால் என்ற பெரணியில் இலை இரண்டு விதம். பழுப்பான குட்டை இலைகள் சருகையும் தூசியையும் பிடித்துவைத்து எருவாக்கும்; நீண்ட பச்சை இலைகள் உணவு தயாரிக்கும். இவை மரத்தின் சாற்றைத் தொடுவதில்லை.

மேலே முளைத்து மண்ணை நோக்கி வேர் இறக்குபவை ஆல், அரசு, இச்சி. பழம் தின்ற பறவையும் வௌவாலும் போட்ட விதை, பனையின் பழைய மட்டை இடுக்கில் தேங்கிய தூசியில் முளைக்கிறது. மூன்றிலும் காம்பை ஒடித்தால் பால் வடியும். இலைநுனி வால்போல் நீண்டிருந்தால் அரசு. இலை அகன்று தடித்திருந்தால் ஆல்.

புல்லுருவி வேறு சாதி. மாமரக் கிளைக்குள் வேரைச் செருகி நீரைத் திருடும். பனையிலும் தென்னையிலும் அதைக் காண்பது மிக அரிது. மாமரத்தில் நீர்க்குழாய்கள் பட்டையை ஒட்டிப் புதிது புதிதாக உருவாகின்றன. பனையில் அவை தண்டு முழுவதும் சிதறிக் கிடக்க, வெளிப்புறம் வைரம் பாய்ந்திருக்கிறது. வைரம் வெளியே இருப்பதைப் புல் என்றும், உள்ளே இருப்பதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்ததும் இந்த வேறுபாட்டைக் கொண்டுதான்.

தண்டின் இந்த அமைப்பால்தான் ஆலமரம் சுற்றி வளைத்தாலும் பனை உடனே சாவதில்லை. மற்ற மரங்களைப்போல அது ஆண்டுதோறும் பருப்பதில்லை; ஆகவே ஆலின் பிடி அதை எளிதில் நெரிப்பதில்லை. ஆல் உயர்ந்து குருத்துக்கு வெயில் கிடைக்காமல் செய்யும்போதுதான் ஆபத்து. ஆர்க்கிட்டையும் பெரணியையும் விட்டுவிடலாம். ஆலங்கன்றை மட்டும், வேர் மண்ணைத் தொடுவதற்குள், மட்டை இடுக்கிலிருந்தே பிடுங்கிவிடுங்கள்.