தாவும் நாயும் தங்கும் படமும்

ஓடுகின்ற விலங்கை மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பார்த்து வந்தான். ஆயினும் அதன் ஓட்டத்தை உள்ளபடி கண்டானில்லை. பாயும் குதிரையைத் தீட்டிய ஓவியர் பலர், முன்கால்கள் முன்னும் பின்கால்கள் பின்னுமாக நீண்டு அது அந்தரத்தில் மிதப்பதாகவே வரைந்தனர். 1878ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் பாலோ அல்ற்றோவில், எட்வேட் மைபிரிட்ஜ் என்பார் 12 கமராக்களை வரிசையாக நிறுத்தினார். பாதையின் குறுக்கே கட்டிய நூல்களைக் குதிரை தள்ளி ஓட, ஒவ்வொரு கமராவும் ஒவ்வொரு கணத்தைப் பதித்தது. நான்கு கால்களும் நிலத்தை விட்டு நீங்குவது மெய்யே. ஆனால் அவை வயிற்றின்கீழ் மடங்கியிருக்கும்போதே அது நிகழ்கிறது என்பது அன்று புலனாயிற்று.

சரியாக நூறாண்டு கழித்து, 1978இல், இலண்டனில் நடந்த கிரவ்ற்ஸ் நாய்க் கண்காட்சியின் இடைவேளையில் நாய்கள் தடைதாண்டிக் காட்டின. குதிரைகளின் தடைதாண்டலைப் பின்பற்றி எழுந்த இவ்விளையாட்டு இன்று பல நாடுகளிலும் பரவியுள்ளது. கம்பைத் தாண்டுதல், குழாயினுள் நுழைந்து வெளிவருதல், நாட்டிய கோல்களிடையே வளைந்தோடுதல் என்பன அதன் பகுதிகள்.

இப்பயிற்சியைப் படம்பிடிக்கச் சிறந்த களம் வேண்டுமெனில் மட்டக்களப்பின் வடக்கேயுள்ள பனிச்சங்கேணி போன்ற கரையே போதும். கீழ்த்திசைக் கடலிலிருந்து எழும் காலைக் கதிர், களப்பின் பக்கமாக நிற்கும் நாயின்மேல் நேரே விழும். படம்பிடிப்பவர் கடலுக்கு முதுகு காட்டி, நாயின் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து அமர்தல் வேண்டும். இரு கவைக்கொம்புகளின்மேல் மெல்லிய கம்பொன்றைக் கிடத்தினால் தடை ஆயிற்று. கால் பட்டதும் கம்பு விழுந்துவிட வேண்டும். கருக்குள்ள பனைமட்டை இதற்கு ஆகாது.

செக்கனுக்கு 5 மீற்றர் ஓடும் நாய், செக்கனின் நூறிலொரு பங்கில் 5 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும், படம் கலங்கும். ஆயிரத்திலொரு பங்கில் அது நகர்வது 5 மில்லிமீற்றரே. எனினும் வேகம் மட்டும் போதாது. நாயைத் துரத்திக் குறிவைப்பவர் பிந்திவிடுவர். கம்பின்மேல் முன்னரே குவியத்தை நிறுத்தி, நாய் அங்கு வந்து சேருமுன் விசையை அழுத்துவதே முறை. தாவலின் உச்சியில் மேலெழும் வேகம் ஒரு கணம் அற்றுப்போவதால், அக்கணமே படத்துக்கு உகந்தது.

அழகான படம் உச்சியில் கிடைக்கும். பயனுள்ள படமோ இறங்கும்போது கிடைக்கும். முன்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணைத் தொட்டு உடலின் பாரத்தைத் தாங்குகின்றன. கண்ணுக்குத் தப்பும் அந்தக் கணத்தில் மணிக்கட்டு எவ்வளவு மடிகிறது, ஒரு காலை நாய் ஒதுக்குகிறதா என்பவற்றைப் படம் காட்டிவிடும். அதைக் கண்ட பயிற்றுநர் கம்பைத் தாழ்த்தலாம். அன்றைய பயிற்சியையே நிறுத்தலாம். வளரும் எலும்புக்குத் தாவல் தீங்காகலாம் என்பதனாலேயே, பிரித்தானியப் போட்டி விதிகள் 18 மாதம் நிரம்பாத நாயை அனுமதிப்பதில்லை.

ஆதலால், நல்ல படம் வாய்க்கவில்லையே என்று நாயை மீண்டும் மீண்டும் தாவச் செய்தல் தகாது. வெயில் ஏறி மணல் சுடுமுன் பயிற்சியை முடித்து, நாய்க்குத் தண்ணீர் வைத்தல் வேண்டும். தவறிய படத்தை மறுநாட் காலையிலும் எடுக்கலாம். முறிந்த காலை அவ்வாறு மீட்டல் எளிதன்று.