குஞ்சுக் கூட்டின் உமியை அவசரப்பட்டு அள்ளாதீர்

உமியைப் பரப்பிக் கோழிக்குஞ்சு வளர்ப்பதும், எச்சங் கலந்த அவ்வுமியைக் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு எருவாக இடுவதும் கமக்காரர் பலரின் வழக்கம். நல்ல வழக்கமே. ஆயினும் இரத்தக் கழிச்சலுக்கெதிரான உயிர் வக்சீன் பெற்ற குஞ்சுகளாயின், முதல் நான்கு வாரங்களுக்கு அவ்வுமியை அள்ளலாகாது.

இந்நோயை உண்டாக்குவது ஐமேரியா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி. அது குடற்சுவரின் கலங்களுட் புகுந்து பெருகி, அவற்றை உடைத்து வெளிவந்து, ஈற்றில் தடித்த ஓடுடைய வித்துக்களாக எச்சத்துடன் விழும். ஈரமும் வெப்பமும் காற்றும் வாய்ப்பின் இரண்டொரு நாளில் வித்து முதிரும். அதைக் கொத்தித் தின்னும் குஞ்சை நோய் பற்றும்.

சிறிதளவு நோய்ப்பட்டுத் தேறிய குஞ்சை அதே இன ஐமேரியா மீண்டும் எளிதில் வருத்தாது. 1952 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த வக்சீன் இவ்வுண்மையைக் கொண்டதே. ஆனால் அதிலிருந்தவை வீரியங் குறையாத ஒட்டுண்ணிகள். அளவு மிஞ்சின் வக்சீனே நோயாகும். ஜெவர்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், எச்சத்தில் முந்தி வரும் வித்துக்களையே தலைமுறைதோறும் தெரிந்து பெருக்கி, வீரியங் குறைந்த வகையொன்றைப் பெற்றமையை 1975 இல் வெளியிட்டார். குறுகிய வயது நெல்லைத் தெரிவதை ஒத்த வேலை இது. இவ்வகை குடலிற் குறைவாகவே பெருகும், சேதமுஞ் சிறிது.

ஒட்டுண்ணி கலத்தினுள் ஒளிந்திருப்பதால், குருதியிலுள்ள பிறபொருளெதிரிகளால் ஆவது சொற்பம். குடற்சுவரில் வந்து கூடும் வெண்குருதிக் கலங்களே காவல் செய்கின்றன. அக்காவல் ஒரே தடவையில் முற்றுப்பெறாது. வக்சீன் ஒட்டுண்ணியின் வித்துக்கள் ஒரு வாரத்துள் உமியில் விழுந்து முதிர்ந்து, மீண்டும் குஞ்சின் வயிற்றுட் செல்லவேண்டும். இவ்வாறு இரண்டு மூன்று சுற்று நிகழ்ந்தாலன்றி நிர்ப்பீடனம் நிறைவுறாது. இரண்டாம் வாரத்தில் உமியை அள்ளினால் அச்சுற்று அறுந்துவிடும். பின்னர் வெளியிலிருந்து வீரியமுள்ள ஒட்டுண்ணி புகுமாயின் குஞ்சுகள் இரத்தமாகக் கழித்து மடியும். பழி வக்சீன் மீது விழும். அடிக்கடி கூட்டித் துப்புரவு செய்யுமாறு போதித்தவர்களும் நாமே. இவ்வொரு காரியத்தில் அப்போதனை பொருந்தாது. கம்பிவலைத் தளத்தில் வளரும் குஞ்சுகளுக்கும் இதே குறை நேரும்.

உமி பிடித்தாற் சற்றே கூடி, விட்டதும் உதிரும் பதத்தில் இருத்தல் வேண்டும். நீர்ப்பாத்திரத்தைச் சுற்றிக் கட்டிபட்டதை மாத்திரம் எடுத்துவிடலாம். அம்புரோலியம், சலினோமைசின் முதலிய மருந்து கலந்த குஞ்சுத்தீன் வக்சீன் ஒட்டுண்ணியையும் ஒடுக்கிவிடுமாதலால், தீன் வாங்கும்போதே விசாரித்தறிக. வக்சீனைக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம், உறையவிடின் பழுதாகும்.

நான்கு வாரம் கழிந்தபின் உமியை அள்ளிக் குவித்து, நன்கு மக்கவைத்துப் பாத்திகளுக்கு இடுக.