குழந்தைப் பராமரிப்பாளர் புத்தாக்கப் பயிற்சி

குழந்தைப் பராமரிப்பாளர் புத்தாக்கப் பயிற்சி என்பது, பிறருடைய குழந்தைகளைத் தம் வீட்டிலோ சிறு மையத்திலோ பராமரிப்பவர்கள், தாம் முன்பு பெற்ற பயிற்சியைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் புதுப்பித்துக்கொள்வதைக் குறிக்கும். பல நாடுகளில் பராமரிப்பாளரின் பதிவு, உரிமம் அல்லது சான்றிதழ் செல்லுபடியாவதற்கு இப்பயிற்சி கட்டாயமாகும். இந்தியாவில் இதற்கு மிக நெருக்கமானது அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு அளிக்கப்படும் புத்தாக்கப் பயிற்சி ஆகும்.

தேவை

குழந்தை வளர்ப்பு அனுபவத்தால் மட்டுமே கைவருவது என்னும் கருத்து பரவலாக உள்ளது. ஆனால் மருத்துவ அறிவு மாறும்போது, முன்பு சரியென்று கற்பிக்கப்பட்டதே பின்னர் தவறாகிவிடக் கூடும். சில எடுத்துக்காட்டுகள்:

• உறங்கும் நிலை: மேலை நாடுகளில் 1980கள் வரை கைக்குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைப்பது பரிந்துரைக்கப்பட்டது. இது உறக்கத்தில் நேரும் திடீர் மரணங்களுடன் தொடர்புடையது எனப் பின்னர் அறியப்பட்டது. பிரித்தானியாவில் 1991 இலும் அமெரிக்காவில் 1994 இலும் மல்லாந்து படுக்கவைக்கும்படி பரப்புரை தொடங்கிய பின் இம்மரணங்கள் பெருமளவு குறைந்தன.
• வயிற்றுப்போக்கு: 2004 இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும், செறிவு குறைந்த உப்பு சர்க்கரைக் கரைசலுடன் 10 முதல் 14 நாட்கள் துத்தநாகம் தரவும் பரிந்துரைத்தன.
• வளர்ச்சி அட்டை: உலக சுகாதார நிறுவனம் 2006 இல் புதிய வளர்ச்சி அளவீடுகளை வெளியிட்டது. 2008 இல் இவை அங்கன்வாடிகளுக்கென ஏற்கப்பட்டு, ஆண் குழந்தைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் தனித்தனி அட்டைகள் வந்தன.
• தடுப்பூசி: ஐந்து நோய்களைத் தடுக்கும் ஐந்தடக்கு ஊசி 2011 திசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அறிமுகமானது.

1995 இல் பயிற்சி முடித்த ஒருவர் அதன்பின் எதையும் கற்கவில்லை எனில், மேற்கண்ட மாற்றங்களில் கடைசி மூன்றையும் அறிந்திருக்க மாட்டார். எடை குறைந்த குழந்தையைப் பழைய அட்டையின்படி இயல்பான குழந்தை எனக் கருதிவிடவும் கூடும். இத்தகைய தவறைத் தவிர்ப்பதே புத்தாக்கப் பயிற்சியின் நோக்கம்.

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் தம் வீட்டில் குழந்தைகளைப் பராமரிப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவர்கள் குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சியை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆத்திரேலியாவில் இதயத்துடிப்பையும் மூச்சையும் மீட்கும் முதலுதவியை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறது.

அமெரிக்காவில் விதிகள் மாநிலத்திற்கு மாநிலம் மாறுபடுகின்றன. 2014 இல் இயற்றப்பட்ட கூட்டரசுச் சட்டம், அரசு நிதியுதவி பெறும் பராமரிப்பாளர்களுக்குத் தொடர் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பாதுகாப்பான உறக்கம், ஒவ்வாமை, மருந்து கொடுத்தல், முதலுதவி முதலியன அதன் பாடங்களில் அடங்கும். அந்நாட்டில் வழங்கப்படும் குழந்தை வளர்ச்சித் துணைவர் சான்றிதழ் மூன்று ஆண்டுகள் செல்லும். அதைப் புதுப்பிக்க 45 மணி நேரப் பயிற்சி தேவை.

இந்தியாவில்

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. இணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைத்தல், ஊட்டச்சத்து மற்றும் நலக் கல்வி ஆகிய ஆறு பணிகளும் அங்கன்வாடி மையத்தின் வழியே நடைபெறுகின்றன. ஒரு மையத்தில் பொதுவாக ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் உள்ளனர்.

இத்திட்டத்தின் பயிற்சி முறையில், பணியில் சேர்ந்தவருக்கு முதலில் அறிமுகப் பயிற்சியும் பின்னர் பணிப்பயிற்சியும் அளிக்கப்பட்டன. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஐந்து வேலை நாட்கள் புத்தாக்கப் பயிற்சி என வகுக்கப்பட்டது. 1999 இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய உதிசா திட்டம் இப்பயிற்சிகளை விரிவாக்கியது.

2018 மார்ச் 8 அன்று தொடங்கிய தேசிய ஊட்டச்சத்து இயக்கம் வேறொரு முறையைக் கொணர்ந்தது. பல நாட்கள் தொடர்ந்து வகுப்பில் அமர்வதற்குப் பதிலாக, 21 பாடங்களை மாதம் ஒன்றாகக் கூட்டங்களில் கற்று, உடனே களத்தில் செய்து பார்ப்பது இதன் அடிப்படை. 2023 மே மாதம் தொடங்கிய 'போஷன் பி, படாய் பி' (ஊட்டச்சத்தும் கல்வியும்) திட்டத்தில் பணியாளர்களுக்கு மூன்று நாள் பயிற்சி அளிக்கப்பட்டது. 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பணியாளர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பையும், பிறருக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பையும் பரிந்துரைத்தது.

திருவண்ணாமலை மாவட்டத்தில்

1989 இல் வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட திருவண்ணாமலை மாவட்டத்தில் 18 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. அவற்றுள் சவ்வாது மலை, பழங்குடியினர் மிகுதியாக வாழும் மலைப்பகுதி. சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் இத்தகைய இடத்தில், பணியாளர் பயிற்சிக்குச் செல்லும் நாட்களில் மையத்தின் பொறுப்பு உதவியாளர் மீது விழுகிறது. ஆகவே உதவியாளருக்கும் பயிற்சி இன்றியமையாதது.

திருவண்ணாமலை நகரில் சிக்கல் வேறு வகையானது. முழுநிலவு நாட்களில் சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் இரவு முழுவதும் மக்கள் வலம் வருகின்றனர். கடை, உணவகம், விடுதி ஆகியவற்றில் பணிபுரிவோரின் வேலையும் இரவு வரை நீள்கிறது. அங்கன்வாடி மையமோ பகலில் மட்டுமே இயங்குவது. எனவே இரவு வேலைக்குச் செல்லும் பெற்றோர் குழந்தைகளை உறவினரிடமோ அண்டை வீட்டாரிடமோ ஒப்படைக்க வேண்டியுள்ளது.

வீட்டில் பராமரிப்போர்

இவ்வாறு வீட்டில் பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வோருக்குத் தமிழ்நாட்டில் உரிமமோ கட்டாயப் பயிற்சியோ இல்லை. ஆகவே புதுப்பிக்கவேண்டிய சான்றிதழும் அவர்களிடம் இல்லை. எனினும் அவர்கள் கற்கக்கூடியவை பல. செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் ஆகிய அமைப்புகள் முதலுதவி வகுப்புகளை நடத்துகின்றன. குழந்தையின் எடை, தடுப்பூசி, உணவு குறித்த ஐயங்களை அருகிலுள்ள அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டறியலாம். தொண்டையில் பொருள் சிக்கிய குழந்தைக்கு என்ன செய்வது என்பதை, அது நேரும்முன்பே கற்றிருக்க வேண்டும். கற்றது மறவாதிருக்க அவ்வப்போது மீண்டும் செய்து பார்க்கவும் வேண்டும்.