குரோம்பேட்டை போர்டில் சத்தம் போடாத எழுத்து! ஆங்கில நெடில் பசங்களுக்கு புரிய எளிய வழி

தாம்பரம்,
தமிழில் குறிலுக்கு ஒரு எழுத்து, நெடிலுக்கு ஒரு எழுத்து. ‘அ’ வேறு, ‘ஆ’ வேறு. பார்த்ததும் படித்துவிடலாம். ஆங்கிலத்தில் உயிரெழுத்தே 5 தான். குறில், நெடில் இரண்டுக்கும் அதே எழுத்துதான். இங்கேதான் பசங்க திணறுகிறார்கள்.

தாம்பரம் ரெயில் நிலைய போர்டையே பாருங்கள். ஆங்கிலத்தில் 3 இடத்தில் ‘ஏ’ வருகிறது. முதல் ‘ஏ’வுக்கு ‘ஆ’ சத்தம். மற்ற இரண்டுக்கும் ‘அ’ சத்தம். ஊர் தெரிந்ததால் நாம் சரியாக படிக்கிறோம். வெளியூர்க்காரர் ‘தம்பரம்’ என்றும் படிக்கலாம்.

அரசுக்கே சிக்கல்

2020 ஜூனில் 1,018 ஊர் பெயர்களை தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத தமிழக அரசின் உத்தரவு வெளியானது. அதில் வேலூரின் ‘வே’க்கு 2 ‘ஈ’ போட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் அதை ‘வீலூர்’ என்றுதான் படிப்பார்கள் என விமர்சனம் கிளம்பியது. சில நாளிலேயே உத்தரவு வாபஸ் ஆனது.

நெடிலை கண்டுபிடிக்க 3 வழி

கடைசி ‘ஈ’: குரோம் லெதர் தொழிற்சாலையால் பெயர் வந்த ஊர் குரோம்பேட்டை. ‘குரோம்’ என்ற சொல்லின் கடைசியில் ஒரு ‘ஈ’ உண்டு. அது வாயே திறக்காது. ஆனால் முன்னால் இருக்கும் ‘ஓ’வை நீட்டிவிடும். இதே ‘ஈ’யை ‘கிட்’டுக்கு பின்னால் போட்டால் ‘கைட்’, அதாவது காத்தாடி. ‘கட்’டுக்கு பின்னால் போட்டால் ‘கியூட்’.

இரட்டை ‘ஈ’: மீனம்பாக்கம் போர்டில் ‘மீ’க்கு 2 ‘ஈ’ இருக்கும்.

ஜோடி எழுத்து: ஜி.எஸ்.டி. ரோட்டில் உள்ள ‘ரோடு’க்கு ‘ஓ’, ‘ஏ’ இரண்டும் ஜோடியாக வரும். முதல் எழுத்து நீளும், இரண்டாவது பேசாது.

உஷார்

எல்லா இடத்திலும் இது செல்லாது. டீக்கடை ‘டீ’யில் ‘ஈ’, ‘ஏ’ ஜோடி நீளும். அதே ஜோடி ‘பிரெட்’டில் நீளாது. ‘லவ்’, ‘கிவ்’ இரண்டிலும் கடைசியில் ‘ஈ’ இருந்தும் குறில்தான். இந்த மாதிரி சொற்களை எழுதி எழுதித்தான் பழக வேண்டும்.

இங்கிலீஷ் படிக்காத அப்பா, அம்மாவும் இதை சொல்லிக்கொடுக்கலாம். ரெயிலில் போகும்போது போர்டை காட்டி, ‘எந்த எழுத்து நீளுது? எது பேசலை?’ என்று கேளுங்கள். ஊர் பெயர் உங்களுக்கு தெரியும் என்பதால் விடையும் தெரியும். பிள்ளை தப்பாக படித்தால் திட்டாதீர்கள். ஒரே எழுத்துக்கு இத்தனை சத்தம் வைத்தது ஆங்கிலம்தான், பிள்ளை இல்லை.