பிள்ளைகளோடு ஓடுவோமா?

ஆவடியில் வாழ்வோருக்கு ஓட்டம் புதிதன்று. கிழக்கு வெளுக்கும் முன்னரே சிறப்புக் காவல் படையின் மைதானத்தில் பூட்ஸ் ஒலி எழுந்துவிடும். மத்திய ரிசர்வ் போலீஸ் படை முகாமின் பக்கம் வீரர்கள் வரிசை வரிசையாய் ஓடுவர். காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞரோ சாலையோரமெல்லாம் ஓடிக்கொண்டிருப்பர். ஆடவர் 1,500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் முடித்தாக வேண்டும் என்பது அத்தேர்வின் விதி. சற்றே பிந்தினாலும் காக்கி உடை கைநழுவிப்போகும். ஆகவே எங்கள் ஊரில் ஓட்டம் என்பது பிழைப்புக்கான வழி. கையில் வேலையும் வீட்டில் இரண்டு குழந்தைகளும் உள்ள கணவனும் மனைவியும், விரட்டுவார் எவருமின்றித் தாமாகவே ஓடினால், "எதற்கு?" என்று கேட்பவரே மிகுதி. "ரயிலுக்கு நேரமாகிவிட்டதா சார்?" என்று பால்காரர் ஒருநாள் மெய்யான கவலையோடு விசாரித்தார்.

நாங்கள் ஓடத் தொடங்கியதும் ஆசையினாலன்று. சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நிற்பதாக மருத்துவர் எச்சரித்த பின்னரே பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குப் போனோம். முதல் வாரம் நடை, பிறகு இரண்டு மின்கம்பங்களுக்கிடையே ஓட்டம், பிறகு நான்கு. எப்போது அது மருந்தாயிருந்து விருந்தாயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. நீரின்மேல் பனிமூட்டம் கலையாத வேளையில், நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்க, இருவரும் பேசிக்கொண்டே ஓடுவதில் ஓர் இன்பம் இருந்தது. வீட்டில் நாள் முழுதும் பேச முடியாதவற்றை அங்கே பேசினோம்.

இந்த இன்பத்தைப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று எண்ணியதில் தவறில்லை. கொடுத்த முறையில்தான் தவறினோம்.

மூத்தவனுக்கு அப்போது ஒன்பது வயது. தானாகவே ஒரு நாள் எங்கள் பின்னால் ஓடிவந்தான், மறுநாளும் வந்தான். பள்ளி விளையாட்டு விழாவில் இரண்டாம் பரிசு பெற்றான். அன்று மாலையே நாங்கள் கடைக்குப் போய், விநாடி காட்டும் கடிகாரம் ஒன்று வாங்கிவந்தோம். அதுவரை கொக்குகளை எண்ணிக்கொண்டு ஓடியவன், அதன்பின் நிமிடங்களை எண்ணி ஓடினான். நேற்றைவிட இன்று குறைந்திருக்க வேண்டும் என்றோம். குறைந்தால் பாராட்டினோம், கூடினால் மௌனமாக இருந்தோம். அந்த மௌனம் குழந்தைக்கு எவ்வளவு பாரமாயிருந்தது என்பதை அப்போது உணரவில்லை.

இரண்டு மாதத்தில் குதிகால் வலி என்றான். மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகள் இன்னும் முற்றாத குருத்தெலும்பாகவே இருக்கும், ஒரே விதமான அதிர்ச்சி நாள்தோறும் ஓய்வின்றித் தாக்கினால் அவ்விடம் நோகும், ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும். அவ்வாறே ஆறிற்று. ஆனால் கால் ஆறிய பிறகும் பையன் எழுந்திருக்கவில்லை. "நீங்கள் போய் வாருங்கள் அப்பா, எனக்கு வேண்டாம்" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

ஒடிசாவின் புதியா சிங் என்னும் சிறுவனை வாசகர் சிலர் மறந்திருக்கமாட்டார்கள். 2006 மே மாதத்தில், நான்கே வயதுப் பாலகன், பூரியிலிருந்து புவனேஸ்வரம் வரை 65 கிலோமீட்டரை ஏறத்தாழ ஏழு மணி நேரத்தில் ஓடினான். பெரியவர்கள் ஓடும் மராத்தானே 42.195 கிலோமீட்டர்தான்! நாடே கைதட்டியது. பின்னர் அவனைப் பரிசோதித்த அரசு மருத்துவர்கள், ஊட்டம் குறைந்து, இரத்தச் சோகையுற்று, இதயத்திற்கும் சிரமம் ஏற்பட்டிருப்பதாகக் கூறினர்; நெடுந்தூர ஓட்டம் தடுக்கப்பட்டது. அவனை எடுத்து வளர்த்த பயிற்சியாளர் பிரஞ்சி தாஸைக் கொடியவர் என்று நாங்கள் தீர்ப்பிடத் துணியோம். வறிய குடிசைப் பிள்ளைக்குச் சோறும் இடமும் கொடுத்தவரும் அவரே. ஆனால் அச்செய்தியை மீண்டும் எடுத்துப் படித்தபோது எங்கள் வீட்டுக் கடிகாரம் நினைவுக்கு வந்தது. தூரத்தில்தான் வேற்றுமை, ஆசை ஒன்றே.

கடிகாரம் அலமாரிக்குள் போயிற்று. பையனை எழுப்புவதையும் விட்டோம். எங்கள் ஓட்டத்தை மட்டும் விடவில்லை.

தாயோ தந்தையோ ஓடுவதைப் பிள்ளைகள் காண்பதே ஒரு பாடம் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. ஷைனி வில்சன் 1990-இல் ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். அதோடு ஓட்டம் முடிந்தது என்று பலர் எண்ணியிருக்கக் கூடும். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் அணிவகுப்பில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்ற முதல் பெண்மணி அவரே. 1995-இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரை 1 நிமிடம் 59.85 விநாடியில் ஓடினார். இரண்டு நிமிடத்திற்குள் அத்தூரத்தைக் கடந்த முதல் இந்தியப் பெண் ஒரு தாய்! அச்சாதனை 2010 வரை நிலைத்தது. எங்கள் வீட்டம்மையாருக்கு இச்செய்தியில் அளவற்ற பெருமை. ஏரியை ஒருமுறை சுற்றி வந்த பின்னும் மூச்சு வாங்கிக்கொண்டே இதைச் சொல்வார்.

ஐந்து முதல் பதினேழு வயதுள்ள பிள்ளைகள் நாளுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடலை நன்கு அசைத்து ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கே ஆடுவது? அம்பத்தூரிலும் பூவிருந்தவல்லியிலும் அன்று வயல்களாய்க் கிடந்தவை இன்று மனைகள். தெருவிலோ தண்ணீர் லாரியும் ஷேர் ஆட்டோவும். பள்ளி முடிந்தால் டியூஷன், டியூஷன் முடிந்தால் கைப்பேசி. ஏரிக்கரை மிஞ்சியிருப்பதே பெரிய பாக்கியம்.

இளையவள் ஆறு வயதில் வரத் தொடங்கினாள். அவளுடைய ஓட்டத்திற்கு அவளே சட்டம் வகுத்தாள்: நத்தையைக் கண்டால் நிற்க வேண்டும், நாய்க்குட்டியைக் கண்டால் திரும்ப வேண்டும், எவரும் அவளை முந்தக் கூடாது. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகமே பிள்ளைகளுக்கு ஏற்ற வேகம் என்பர். அவள் வாய் ஓய்ந்ததே இல்லையாதலால் அதைப்பற்றி எங்களுக்குக் கவலையில்லை. அவள் வந்தால் நாங்கள் ஓடும் தூரம் பாதியாகும். தொடக்கத்தில் அது கொஞ்சம் உறுத்திற்று என்பதை மறைப்பானேன்?

எட்டு மாதம் சென்றது. ஒரு ஞாயிறு, எட்டு மணித் திருப்பலிக்கு முன் ஒரு சுற்று ஓடிவரலாம் என்று கதவைத் திறந்தோம். மூத்தவன் வாசலில் தன் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொண்டிருந்தான். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர்ப் புட்டியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு எங்கள் பக்கத்திலேயே மெல்ல மிதித்து வந்தான். பாதி ஏரி கடந்ததும் திரும்பிப் பார்த்து, "இவ்வளவு மெதுவாகவா தினமும் ஓடுகிறீர்கள்?" என்றான்.