மூளையின் சிறு சிரைகளும் அமிலாய்டு நோயும்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது நம் முதியோர் வாக்கு. அச்சிரசினுள் அமைந்த மூளை, உடல் நிறையில் நூற்றுக்கு 2 பங்கே உடையதாயினும், இருதயம் செலுத்தும் இரத்தத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பங்கைப் பெறுகின்றது. அவ்விரத்தத்தைக் கொணர்வன தமனிகள். மீளக் கொண்டுசெல்வன சிரைகள். வயலுக்கு வாய்க்காலைப் போலவே வடிகாலும் இன்றியமையாததென்பதை உழவர் அறிவர். மூளை நோய் ஒன்றில் அவ்வடிகாலின் பங்கு யாதென்பதை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தோம்.

அமிலாய்டு என்பது ஒருவகைப் புரதப் படிவு. மாப்பொருளை ஒத்ததென்று கருதி, 1854-இல் ஜெர்மானிய அறிஞர் விர்ஷோ இப்பெயரை வழங்கினார். முதுமையில் இது மூளையின் மேற்பரப்பிலுள்ள சிறு தமனிகளின் சுவரிற் படிந்து, நாளடைவில் ஆங்குள்ள தசையிழைகளை அழிக்கின்றது. நொய்ந்த சுவர் வெடிப்பின் மூளைக்குள் இரத்தம் பெருகும். நேற்றுவரை நன்றாயிருந்த முதியவர் திடீரென நாக் குழறி, ஒருபக்கம் செயலற்று வீழ்வதுமுண்டு. 1984-இல் அமெரிக்காவில் கிளென்னர், வாங் என்னும் இருவர், மூளையுறையின் குழாய்களினின்றே இப்புரதத்தைப் பிரித்தெடுத்தனர்.

இந்நோயில் சிரைகளிற் காணும் படிவு குறைவே. ஆதலின் ஆராய்ச்சியாளர் நெடுங்காலம் தமனிகளையே நோக்கினர். ஆயினும், படிவு ஏன் தங்குகின்றது என்று வினவுவோமாயின் சிரைகளையும் நோக்க வேண்டியவராகின்றோம். மூளை இப்புரதத்தை ஓயாது பிறப்பிக்கின்றது. ஓயாது வெளியேற்றவும் செய்கின்றது. வெளியேறும் வழி யாது? தமனிச் சுவரே வழி என்பர் இங்கிலாந்தின் வெல்லர் முதலியோர். 2012-இல் நெடர்கார்டு குழுவினரோ, எலிகளை ஆராய்ந்து, மூளைநீர் தமனிகளின் ஓரமாகப் புகுந்து, கழிவுகளை அலசிச் சிரைகளின் ஓரமாக வெளியேறுகின்றதென்றனர். இவ்விரு கொள்கையினரின் வழக்கு இன்னும் தீர்ந்திலது.

மற்றுமொரு செய்தி. 1995-இல் அமெரிக்க அறிஞர் மூடியும் அவர்தம் தோழரும், முதியோர் மூளையின் நீரறைகளை அடுத்த சிறு சிரைகளை ஆராய்ந்தனர். அவற்றின் சுவர் கொலாஜன் என்னும் நார்ப்பொருளால் தடித்து, உட்புழை குறுகி, சிலவிடத்து அடைபட்டும் இருந்தது. மூளையின் வெண்பகுதி பழுதுற்றோரிடத்தே இம்மாறுதல் மிகுந்து காணப்பட்டது. அமிலாய்டு நோயுற்றாரிடத்தும் வெண்பகுதிப் பழுது பெரிதும் காணப்படுகின்றது. வடிகால் தூர்ந்த வயலில் நீர் தேங்குமாறு போல, சிரை குறுகிய மூளையில் நீரும் கழிவும் தேங்குமோ என அறிஞர் ஆராய்கின்றனர். இது ஆராயத்தக்க கருத்தேயன்றி முடிந்த முடிபன்று.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. அமிலாய்டை அகற்றும் லெக்கானமாப் என்னும் மருந்தை 2023-இல் அமெரிக்க அரசாங்கம் அனுமதித்தது. ஆனால் அதனைப் பெற்றோருட் சிலர்க்கு மூளையில் நீர்கோத்தலும் நுண்ணிய இரத்தக் கசிவும் உண்டாயின. ஆதலின் மருந்தளிக்குமுன் காந்தப் படத்தால் பழைய கசிவுகளை ஆய்ந்தறிகின்றனர். இரத்தம் உறையாதிருக்கத் தரும் மருந்துகளும் இந்நோயுடையார்க்கு ஆபத்தாகக் கூடும். அவற்றை ஏற்றலும் விடுத்தலும் வைத்தியர் ஆராய்ந்து கூறற்பாலன.

படிந்ததைப் பெயர்ப்பது ஒரு வேலை. பெயர்ந்ததற்கு வழிவிடுவது மற்றொரு வேலை. மயிரிழையினும் நுண்ணிய சிரைகளை அறிஞர் இன்று கூர்ந்து நோக்குவது இவ்விரண்டாம் வேலையின் பொருட்டேயாம். நம் இல்லத்து முதியோரின் நினைவும் நாவும் நெடிது நிலைக்க வேண்டுமென விழையும் நாம், அம்முயற்சி கைகூடுக என வாழ்த்துவோமாக.